சாணப் படிவத்தை உடைக்கும் முன்: கோப்ரோலைட் ஆய்வுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

புதைபடிவமாகிவிட்ட சாணம், மலம், எச்சம் ஆகியவற்றைக் கோப்ரோலைட் என்கிறோம். 1829-ல் இந்தப் பெயரை வைத்தவர் ஆங்கிலேயப் புவியியலாளர் வில்லியம் பக்லேண்ட். அதற்குப் பின்னால், புதைபடிவங்களைத் தேடிச் சேகரித்த மேரி ஆனிங்கின் கண் இருந்தது. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரைப் பாறைகளில், இக்தியோசர் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவற்றின் எலும்புக்கூடுகளின் வயிற்றுப் பகுதியில் சில உருண்டைக் கற்கள் கிடப்பதையும், உடைத்தால் உள்ளே மீன் செதிலும் முள்ளும் இருப்பதையும் அவர் கவனித்திருந்தார். ஒரு விலங்கு எதைத் தின்றது என்பதைப் பல்லை வைத்து ஊகிக்கலாம். உண்மையில் தின்றதைக் கையில் எடுத்துக் காட்டுவது கோப்ரோலைட்தான்.

ஆனால் ஒரு கோப்ரோலைட்டை ஒருமுறைதான் உடைக்க முடியும். மகரந்தம் எடுக்கப் போடும் அமிலம் புல்லின் சிலிக்காவைக் கரைத்துவிடும். சுத்தமாக இருக்கட்டும் என்று கழுவினால் ஒட்டுண்ணி முட்டையும் கொழுப்பின் தடயமும் போய்விடும். எந்தக் கேள்வியை எந்த வரிசையில் கேட்பது என்பதை முதலிலேயே முடிவுசெய்ய வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் அந்த வரிசையைத்தான்.

கையில் இருப்பது எந்த வகை?

ஒன்று, கல்லாகிப் போனது. மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்துப் பிஸ்துராவில் கிடைப்பவை இந்த வகை. இரண்டாவது, கல்லாகாமல் காய்ந்தே நின்றது. வறண்ட குகைகளிலும் உப்புச் சுரங்கங்களிலும் கிடைக்கும். அமெரிக்காவின் ஓரிகனில் உள்ள பெய்ஸ்லி குகைகள், ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கம் ஆகியவை பேர்பெற்றவை. மூன்றாவது, ஈர மண்ணில் காற்றுப் புகாமல் தப்பியது. இங்கிலாந்தின் யார்க் நகரில் 1972-ல் கிடைத்த வைக்கிங் காலத்து மனித மலம் இதற்கு நல்ல உதாரணம்.

கல்லானதற்கு ரம்பமும் அமிலமும், காய்ந்ததற்கு ஊறவைக்கும் கரைசல். இரண்டையும் மாற்றிச் செய்தால் மாதிரி வீண்.

ஊனுண்ணிகளின் படிவம் அதிகமாகவும் தாவர உண்ணிகளுடையது குறைவாகவும் கிடைப்பதற்கு வேதியியல்தான் காரணம். எலும்பைத் தின்ற விலங்கின் மலத்தில் கால்சியம் பாஸ்பேட் ஏற்கெனவே இருக்கிறது. அதுவே அதைக் கல்லாக்கிவிடும். இலை தழை தின்ற விலங்கின் சாணத்துக்கு அந்த வசதி இல்லை. வெளியிலிருந்து கால்சைட் போன்ற கனிமம் சீக்கிரம் வந்து ஏற வேண்டும். அமெரிக்காவின் மொன்டானாவில், மையசாரா என்ற டைனோசருடையதாகக் கருதப்படும் சாணம் அப்படித்தான் தப்பியது. அதில் நிறைந்திருப்பது ஊசியிலை மரத்தின் கட்டை. சாண வண்டுகள் குடைந்த வளைகள்கூட அதில் அப்படியே இருக்கின்றன. ஆகவே உங்கள் சேகரிப்பில் ஊனுண்ணிப் படிவம் அதிகம் என்பதால் அந்தக் காலத்தில் ஊனுண்ணிகள் அதிகம் என்று எழுதிவிடாதீர்கள்.

இது சாணம்தானா?

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. உருவம் எவ்வளவு கச்சிதமாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படுங்கள். வாஷிங்டன் மாநிலத்தின் சால்மன் கிரீக் பகுதியிலிருந்து சுருள் சுருளாய், நுனி கூம்பி, பார்த்தவுடன் மலம் என்று சொல்லத் தோன்றும் கற்கள் உலகம் முழுக்க விற்பனைக்குப் போகின்றன. அவற்றில் இருப்பது சிடரைட் என்ற இரும்புக் கார்பனேட்டும் அதிலிருந்து வந்த துருக் கனிமமும்தான். உள்ளே உணவுத் துணுக்கு எதுவும் கிடையாது. சேறு பிதுங்கி உண்டான வடிவங்கள் என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள், வழக்கு இன்னும் தீரவில்லை. இணையத்தில் வாங்கிய கல்லை வைத்துப் பழகத் தொடங்காதீர்கள்.

நான்கு சான்றுகளைச் சேர்த்துப் பாருங்கள். உருவம், உள்ளடக்கம், வேதியியல், கிடைத்த இடம். ஒன்று மட்டும் பொருந்தினால் போதாது.

உருவத்தில் ஓரளவு நம்பத்தக்கது சுருள். சுறா, நுரையீரல் மீன் போன்றவற்றின் குடலுக்குள் திருகுபோல ஒரு மடிப்பு ஓடுகிறது. அவற்றின் கழிவிலும் அந்தத் திருகு பதிந்துவிடும். ஆனால் திருகு இருப்பது மீனின் குடலிலேயே தங்கிக் கல்லானதாகவும் இருக்கலாம். எலும்புக்கூட்டுக்கு உள்ளே கிடைத்ததா, வெளியே தனியே கிடைத்ததா என்பதை எழுதிவைக்காவிட்டால் பிறகு சொல்ல வழியில்லை.

உள்ளடக்கத்துக்கு 10 மடங்கு கை லென்ஸ் போதும். உடைந்த விளிம்பில் செதில், முள், எலும்புத் துணுக்கு, நார் ஆகியவற்றைத் தேடுங்கள். செரிமானத்தில் அரிக்கப்பட்ட எலும்பின் முனை மழுங்கி, மேற்பரப்பு பொடிக்குழிகளாக இருக்கும். கூர்மையாக உடைந்த, அரிப்பில்லாத எலும்பு மட்டும் இருந்தால் அது வெறும் வண்டலில் ஒட்டியதாக இருக்கலாம். வாயுக்குமிழி விட்ட வட்டத் துளைகளும் நல்ல அறிகுறி.

வேதியியலுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. மாதிரியிலிருந்து கடுகளவு தூள் சுரண்டி, நைட்ரிக் அமிலம் சேர்த்த அமோனியம் மாலிப்டேட் கரைசலில் போட்டு லேசாகச் சூடாக்குங்கள். மஞ்சள் வீழ்படிவு வந்தால் பாஸ்பேட் இருக்கிறது. இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. 19-ஆம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜ் வட்டாரத்தில் கோப்ரோலைட் என்ற பெயரிலேயே பாஸ்பேட் உருண்டைகளைத் தோண்டி, கந்தக அமிலத்தில் கரைத்து, சூப்பர் பாஸ்பேட் உரமாக்கினார்கள். பெரிய தொழிலாக நடந்தது. தோண்டியவற்றில் மிகப் பெரும்பாலானவை சாணமே அல்ல, கடலடியில் தானாகத் திரண்ட பாஸ்பேட் முண்டுகள். பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிரெட்டேசியஸ் (டைனோசர் யுகத்தின் கடைசிக் கட்டம்) கடற்படிவுகளிலும், காரை, ஊட்டத்தூர் களிமண்ணில், இதே போன்ற பாஸ்பேட் முண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. அங்கே களப்பயணம் போகும் மாணவர்கள் மஞ்சள் வீழ்படிவைப் பார்த்தவுடன் குதிக்க வேண்டாம். உள்ளே அரிக்கப்பட்ட உணவுத் துணுக்கு தெரியும்வரை அது முண்டுதான். நாக்கில் ஒட்டினால் கோப்ரோலைட் என்ற பழைய பேச்சையும் விட்டுவிடுங்கள். நுண்துளையுள்ள எந்த எலும்பும் களிமண்ணும் நாக்கில் ஒட்டும்.

களத்தில்

நில உரிமையாளரின் அனுமதியும் உரிய துறையின் அனுமதியும் முதலில். அடுத்து, எடுப்பதற்கு முன் படம்: அளவுகோலும் வடக்குக் குறியும் தெரிய வேண்டும். அடுக்கு எது, மேலிருந்து எவ்வளவு ஆழம், பக்கத்தில் என்ன எலும்பு கிடந்தது என்பதை அங்கேயே எழுதுங்கள்.

நைட்ரைல் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். டிஎன்ஏ அல்லது கொழுப்பு ஆய்வுக்கு வாய்ப்புள்ள காய்ந்த மாதிரியை அலுமினியத் தாளில் சுற்றிக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் நேரடியாகப் போட்டால் இரண்டு கெடுதல். பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் மாதிரியில் ஏறிக் கொழுப்பு ஆய்வைக் குழப்பும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பூஞ்சை பிடித்துவிடும். உடைந்துவிடுமோ என்று பசை பூசவும் கூடாது.

பலர் மறப்பது ஒன்று: அதே அடுக்கிலிருந்து ஒரு பிடி மண். சாணத்துக்குள் கண்ட மகரந்தம் வயிற்றுக்குள் போனதா, சுற்றியிருந்த மண்ணிலிருந்து ஏறியதா என்று கேட்டால், அந்த மண்ணை ஒப்பிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். மண் மாதிரி இல்லாத கோப்ரோலைட்டில் மகரந்த எண்ணிக்கை எடுத்தாலும் அதை வைத்து ஒன்றும் உறுதியாகச் சொல்ல இயலாது.

மேசைக்கு வந்த பிறகு

நீளம், மிகப்பெரிய விட்டம், மிகச்சிறிய விட்டம், எடை, இரு முனைகளின் வடிவம், மேற்பரப்பில் உள்ள வெடிப்பு, வரி, புழை எல்லாவற்றையும் எழுதி, ஆறு பக்கமும் படம் எடுங்கள். பஞ்சு விரித்த தட்டில்தான் கையாள வேண்டும். முன்பு சொன்ன யார்க் மலம் சுமார் 20 செ.மீ. நீளம். 2003-ல் பார்வையாளர்களுக்குக் காட்டும்போது விழுந்து மூன்று துண்டானது. பிறகு ஒட்டவைத்தார்கள்.

சிடி ஸ்கேன் கிடைக்கும் என்றால் வெட்டுவதற்கு முன் அதைச் செய்யுங்கள். போலந்தில் கிடைத்த சுமார் 23 கோடி ஆண்டு பழைய ஒரு கோப்ரோலைட்டை சிங்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கி தரும் வலிமையான எக்ஸ்-கதிரில் பார்த்தபோது, அதற்குள் சிறு வண்டுகள் காலும் உணர்கொம்புமாக முழுசாக இருந்தன. 2021-ல் அந்த வண்டு இனத்துக்கு ட்ரையாமிக்சா கோப்ரோலித்திகா என்று பெயரிட்டார்கள். ரம்பம் போட்டிருந்தால் அந்த வண்டுகள் தூளோடு போயிருக்கும்.

பிறகு வெட்டு. வைரத் தகடு பொருத்திய மெதுவான ரம்பத்தில் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை எண்ணிட்டுப் பெட்டியில் பூட்டிவிடுங்கள். எவ்வளவு ஆசை வந்தாலும் அந்தப் பாதியைத் தொடக் கூடாது. பத்து வருடம் கழித்து வரும் முறை இன்று இருப்பதைவிட நல்லதாகத்தான் இருக்கும். சிறிய மாதிரி என்றால் பிளக்காமல், கால் பங்கை மட்டும் எடுங்கள்.

ஆய்வுப் பாதியிலிருந்து முதலில் மெல்லிய வெட்டு. எபாக்சி ரெசினை உள்ளே ஏற்றி, கண்ணாடியில் ஒட்டி, 30 மைக்ரான் தடிமனுக்குத் தேய்க்க வேண்டும். நொறுங்கும் மாதிரிக்கு ரெசினை வெற்றிடக் கலத்தில் ஏற்றாவிட்டால் தேய்க்கும்போது துணுக்குகள் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், கண்ணாடியில் ஓட்டை மட்டும் மிஞ்சும். எலும்பின் நுண்ணமைப்பு, கட்டையின் செல் வரிசை, குமிழித் துளைகள் இருந்த இடத்திலேயே இருப்பதை மெல்லிய வெட்டு ஒன்றுதான் காட்டும். கனடாவின் சஸ்காச்சவானில் கிடைத்து 1998-ல் வெளியான 44 செ.மீ. கோப்ரோலைட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடைப்பட்ட அளவு எலும்புத் துணுக்கு இருந்தது. வெட்டில் தெரிந்த எலும்பு அமைப்பை வைத்து, தின்னப்பட்ட அந்த எலும்பு முழு வளர்ச்சி அடையாத ஒரு தாவர உண்ணி டைனோசருடையது என்று சொல்ல முடிந்தது. எலும்பு அவ்வளவு மிஞ்சியிருப்பதால், இரை குடலில் அதிக நேரம் தங்கவில்லை என்பதும் தெரிந்தது.

புல்லைத் தேடும் முறை

செடிகள் மண்ணிலிருந்து உறிஞ்சும் சிலிக்கா, செல்களில் படிந்து அந்தச் செல்லின் வடிவத்திலேயே கெட்டியாகும். அதுதான் பைட்டோலித். செடி மக்கினாலும் இது மிஞ்சும். எடுக்கும் வரிசை இது:

1. மாதிரியின் வெளித்தோலைச் சில மில்லிமீட்டர் சுரண்டி எறியுங்கள். வெளியிலிருந்து ஒட்டியதெல்லாம் அங்கேதான் இருக்கும்.
2. உள்பகுதியில் 2 முதல் 5 கிராம் வரை எடுத்து உரலில் மெதுவாக நொறுக்குங்கள். மாவாக அரைத்தால் பைட்டோலித்தும் உடைந்துவிடும்.
3. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நுரை நிற்கும்வரை வைத்து, கார்பனேட்டை நீக்கிக் கழுவுங்கள்.
4. ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து எஞ்சிய கரிமப் பொருளை எரித்துவிடுங்கள். சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் பொங்கி வழிந்து மாதிரி போய்விடும்.
5. அடர்த்தி 2.3 அளவுக்குக் கலக்கிய சோடியம் பாலிடங்ஸ்டேட் கரைசலில் போட்டு மையவிலக்கியில் சுழற்றுங்கள். பைட்டோலித் மிதக்கும், 2.65 அடர்த்தியுள்ள மணல் அடியில் தங்கும்.
6. மிதப்பதை எடுத்துக் கழுவி, கண்ணாடியில் ஏற்றி, 400 மடங்கில் எண்ணுங்கள்.

பிஸ்துராவின் லமேட்டா படிவுகளில் கிடைத்த கோப்ரோலைட்டுகளை, இந்தியத் தொல்தாவரவியலாளர் வந்தனா பிரசாத் குழுவினர் இப்படிப் பைட்டோலித்துக்காக ஆராய்ந்து 2005-ல் வெளியிட்டபோது, உள்ளே புல் இருந்தது. ஒரு வகை அல்ல, குறைந்தது ஐந்து வகை. அதுவரை உறுதியாகக் காட்டக்கூடிய புல் படிவங்கள் டைனோசர்கள் அழிந்த பிறகான காலத்தவையே. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா தனித் தீவாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்தபோது, அங்கே மேய்ந்த டைட்டனோசர்கள் என்ற நீள்கழுத்துத் தாவர உண்ணி டைனோசர்களின் வயிற்றில் புல்லும் போயிருந்தது. 2011-ல் அதே படிவங்களின் பைட்டோலித்துகளை வைத்து நெல்லின் குலம் அக்காலத்திலேயே பிரிந்துவிட்டது என்றும் காட்டினார்கள். சோறு தின்னும் நமக்கு இது சாதாரணச் செய்தி இல்லை.

புல் இருந்தது என்பதற்காக அவை புல் மேய்ந்தே வாழ்ந்தன என்று சொல்ல முடியாது. அதே சாணத்தில் பனை, ஊசியிலை மரம், இருவித்திலைத் தாவரங்களின் தடயமும் உண்டு. அதே ஊர் மாதிரிகளில் கொல்லட்டோட்ரைக்கம் போன்ற இலைநோய்ப் பூஞ்சைகளின் ஸ்போரும் கிடைத்தது. நம் ஊர் மிளகாயில் பழ அழுகல் உண்டாக்கும் அதே பேரினம். இலையில் வளரும் பூஞ்சை வயிற்றுக்குள் போயிருக்கிறது என்றால் மரத்து இலைகளையும் மேய்ந்திருக்கிறது. ஒரே கேள்விக்கு இரண்டு தனித்தனிச் சான்றுகள் ஒத்துப்போவதுதான் இந்தத் துறையில் பலம்.

காய்ந்த மலம்

வெறும் தண்ணீரில் ஊறவைத்தால் சரியாக விரியாது. 1960-களிலிருந்து எல்லோரும் பயன்படுத்துவது ட்ரைசோடியம் பாஸ்பேட், 0.5 சதவீதம். அதாவது ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 5 கிராம். மாதிரி மூழ்கும் அளவு ஊற்றி, மூடி, 72 மணிநேரம் வையுங்கள். கரைசலில் ஊறியதிலிருந்து டிஎன்ஏ எதிர்பார்க்க முடியாது. அதற்கான துண்டை முன்பே தனியே எடுத்துவைத்திருக்க வேண்டும்.

ஊறும் நீர் கறுப்பாகி ஒளி புகாமல் போனால் மனிதன், வெளிர் பழுப்பாகத் தெளிந்து நின்றால் தாவர உண்ணி என்று ஒரு பழைய வழிகாட்டி இருக்கிறது. குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஊறிய பிறகு 1 மி.மீ., 250 மைக்ரான் சல்லடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, பீச்சுக் குப்பியால் மெதுவாகக் கழுவுங்கள். விரலால் தேய்க்காதீர்கள், விதையின் மேல்தோல் கிழிந்தால் இனம் காண முடியாது. மேலே தங்குவது விதை, எலும்பு, முடி, பூச்சிச் சிறகு. கீழே இறங்கும் கலங்கலில்தான் மகரந்தமும் ஒட்டுண்ணி முட்டையும் இருக்கின்றன.

கலங்கலை இரண்டாகப் பிரியுங்கள். ஒட்டுண்ணிப் பங்கில் கிளிசரின் ஒரு சொட்டு விட்டு அப்படியே பாருங்கள். சாட்டைப்புழுவின் முட்டையை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். பழுப்பு நிறம், எலுமிச்சை வடிவம், இரு முனையிலும் மூடிபோல ஒளி ஊடுருவும் குமிழ். நீளம் 50 முதல் 55 மைக்ரான். உருண்டைப்புழுவின் முட்டை சற்றே பருத்து, மேலே மேடுமேடாக இருக்கும். அளவை எப்போதும் எடுங்கள், ஏனெனில் நாயின் சாட்டைப்புழு முட்டை 70 மைக்ரானைத் தாண்டும். பன்றியுடையது மனிதனுடையதோடு ஏறக்குறைய ஒட்டிவரும், அளவை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. யார்க் மாதிரியில் சாட்டைப்புழு, உருண்டைப்புழு இரண்டின் முட்டைகளும் ஆயிரக்கணக்கில் இருந்தன.

மகரந்தப் பங்கில் முதல் வேலை, லைக்கோபோடியம் என்ற செடியின் ஸ்போர் (நுண்வித்து) அடங்கிய மாத்திரையைச் சேர்ப்பது. ஒரு மாத்திரையில் எத்தனை ஸ்போர் என்று டப்பாவில் அச்சிட்டிருக்கும். 2 கிராம் மாதிரியில் 10,000 ஸ்போர் சேர்த்து, எண்ணும்போது 200 மகரந்தமும் 50 லைக்கோபோடியமும் கண்டால், 200-ஐ 50-ஆல் வகுத்து, 10,000-ஆல் பெருக்கி, 2-ஆல் வகுக்க வேண்டும். கிராமுக்கு 20,000 மகரந்தம். மாத்திரையை எல்லா அமிலத்துக்கும் முன்பே போட்டால்தான் வழியில் ஆகும் இழப்பு இரண்டுக்கும் பொதுவாகும். கடைசியில் போட்டால் கணக்கு பொய்.

இந்தப் பங்கில் மண் அதிகம் என்றால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தேவைப்படும். புதியவர்கள் தனியே அதைத் தொடவே கூடாது. தோலில் பட்டவுடன் பெரிதாக வலிக்காமல் போகலாம், ஆனால் உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடிக்கும், உயிருக்கே ஆபத்து. கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத ஆய்வகத்தில் அந்தப் புட்டியைத் திறக்கக் கூடாது. பைட்டோலித்தைக் கரைப்பதும் இதே அமிலம்தான்.

டிஎன்ஏவும் கொழுப்பும்

இது சிறப்பு ஆய்வகத்தின் வேலை. தகுந்த துண்டைக் கெடாமல் கொடுப்பது மட்டுமே உங்கள் பொறுப்பு. ஏன் இரண்டும் வேண்டும் என்பதற்குப் பெய்ஸ்லி குகை நல்ல பாடம். 14,000 ஆண்டுகளுக்கும் முந்திய மலத்தில் மனித டிஎன்ஏ இருப்பதாக 2008-ல் அறிவித்தபோது, மேலடுக்கிலிருந்து நீரோடு கசிந்து இறங்கியிருக்கலாமே என்று எதிர்த்தார்கள். கொழுப்புகள் நீரில் எளிதில் கரையாதவை, இடம்பெயர்வது குறைவு. 2020-ல் மலத்தின் ஸ்டீரால் கொழுப்புகளைப் பார்த்து, அவற்றில் பல மனிதனுடையவைதான் என்று காட்டினார்கள். கொலஸ்ட்ராலைக் குடல் பாக்டீரியா மாற்றுவதால் உண்டாகும் கோப்ரோஸ்டனால் அதிகம் இருந்தால் இறைச்சியும் தின்னும் மனிதன் போன்ற உயிர். செடியின் ஸ்டீராலிலிருந்து வரும் 5-பீட்டா-ஸ்டிக்மஸ்டனால் ஓங்கினால் மாடு, ஆடு போன்றவை. ஹால்ஸ்டாட்டில் சுமார் 2,700 ஆண்டு பழைய மலத்தில் நீலப் பாலாடைக்கட்டிப் பூஞ்சையும் பீர் ஈஸ்ட்டும் டிஎன்ஏவாகவே கிடைத்தன.

அறிக்கையில் எழுதும்போது

யாருடையது என்பதுதான் மிகக் கடினமான கேள்வி. அந்த அடுக்கில் அந்த அளவுக்குப் பெரிய விலங்கு எவை என்ற பட்டியலோடு தொடங்கி, பொருந்தாதவற்றை நீக்குங்கள். முதலையின் வயிற்று அமிலம் எலும்பின் சுண்ணத்தை ஏறக்குறைய முழுதும் கரைத்துவிடும், ஆகவே எலும்பு நிறைந்த கோப்ரோலைட் முதலையுடையதாக இருப்பது அரிது. கடைசியில் ஒரு பெயர் மிஞ்சினாலும் இனப் பெயரை எழுதாமல், பெரிய ஊனுண்ணி டைனோசர் என்ற அளவில் நிற்பது நல்லது. சஸ்காச்சவான் மாதிரியை டைரனோசாரஸுடையது என்று சொன்னது அந்த அடுக்கில் அவ்வளவு பெரிய ஊனுண்ணி வேறு தெரியவில்லை என்ற காரணத்தோடுதான்.

ஒரு மலம் சில வேளை உணவைத்தான் காட்டும், பருவத்தையோ வாழ்நாளையோ அல்ல. மீனைத் தின்ற விலங்கின் மலத்தில் அந்த மீன் தின்ற நத்தையும் இருக்கும். காற்றில் வந்த மகரந்தம் குடித்த நீரோடு உள்ளே போயிருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் அது எந்த வழியாக வயிற்றுக்குள் போயிருக்கக்கூடும் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்.

பழகுவதற்குக் கோப்ரோலைட் வேண்டியதில்லை. ஆட்டுப் புழுக்கை, மாட்டுச் சாணம், குதிரை விட்டை, கோழி எச்சம் ஆகியவற்றை வெயிலில் நன்றாகக் காயவைத்து, அன்று அந்த விலங்கு என்ன தின்றது என்பதையும் எழுதிவைத்து, மேலே சொன்ன கரைசலில் ஊறவைத்துச் சல்லடையில் கழுவுங்கள். கையுறையும் முகமூடியும் இங்கேயும் வேண்டும், புதுச் சாணத்தின் கிருமிகள் உயிரோடு இருப்பவை. நாய் மலத்தைத் தொடாமலே விடுங்கள், அதில் இருக்கக்கூடிய நாடாப்புழு முட்டை மனிதனுக்கும் தொற்றும். தின்றதில் எவ்வளவு வெளியே வருகிறது, எது அடையாளம் தெரியாமல் கரைகிறது என்ற கணக்கு கையில் வந்த பிறகு பழைய மாதிரிக்குப் போகலாம்.